பழங்கதவு தேடிப் போனோம்

2018ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் கொழும்புக் கோட்டை நிலையத்திலே யாழ்தேவியில் ஏறி அமர்ந்தோம். எதிர் ஆசனத்தில் இருந்த அம்மையார் ஒருவர், “நல்லூர்த் திருவிழாவுக்குத்தானே?” என்று எம்மை வினவினார். வண்டியில் வந்தோரிற் பெரும்பாலோர் அதற்கே சென்றனர். “இல்லை, கதவு வாங்கப் போகிறோம்” என்று எமது மனைவியார் விடையிறுத்தார். அம்மையார் எம்மிருவரையும் மேலுங்கீழும் நோக்கினார். “கொழும்பிலே கதவு கிடையாதோ?” என்றார்.

அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை. கொழும்பிலே கதவுக்குப் பஞ்சம் ஏது? ஆயினும் நாம் தேடிச் சென்றது புதுக்கதவு அன்று. ஒரு வீட்டிலே நெடுங்காலம் நின்று, அவ்வீட்டை விட்டுப் பெயர்ந்து, இன்னொரு வாசலுக்காகக் காத்திருக்கும் பழங்கதவு. அது தேடி அலைந்த நான்கு நாட்களில் நாம் கண்டதையும் கேட்டதையும் நேயர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதனை எழுதுகிறோம்.

வண்டி ஆனையிறவைக் கடக்கும்போது இருபுறமும் பரவைக் கடல் விரிந்து கிடந்தது. 1956ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990ஆம் ஆண்டிலே போர் காரணமாக யாழ்ப்பாணம் வருவதை நிறுத்திற்று. பின்னர் பாதையே இல்லாது போயிற்று. தண்டவாளங்களும் அவற்றைத் தாங்கிய சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்கு முகடாயின. 2014 ஒக்டோபரிலேதான் புதிய பாதையில் வண்டி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. ஒரு பொருள் தனக்குரிய இடத்தை விட்டுப் பெயர்ந்து, வேறோர் இடத்தில் வேறொரு வேலை பார்ப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று என்று எண்ணியவாறே யாழ்ப்பாண நிலையத்தில் இறங்கினோம்.

கொக்குவில் வீடு

நாம் திருத்த எண்ணிய வீடு கொக்குவிலில் உள்ளது. எமது மாமியாருக்குச் சீதனமாக வந்த அவ்வீடு, அவர் மகளுக்கும் சீதனமாகவே எழுதப்பட்டது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூவகையாக வகுக்கும் தேசவழமை, ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டிலே எழுத்தில் தொகுக்கப்பட்டது. பெண்வழி இறங்கிவந்த வீடாதலின் அதைப் பற்றிய இறுதிச் சொல் மனைவியாருடையதே. கணக்கு எழுதுவதும் பெட்டி சுமப்பதும் எமது பங்கு.

அஃது ஒரு நாற்சார் வீடு. நடுவே முற்றம், அதனைச் சுற்றி விறாந்தை, விறாந்தையை ஒட்டி ஆறு அறைகள். சுண்ணாம்புக் கல்லை அடுக்கிச் சுண்ணச் சாந்து பூசிய சுவர்கள் ஒன்றரை அடி கனமுள்ளவை. வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே மண்பானையின் குளிர்ச்சி இருக்கும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தம் வீடுவாசல்களை விட்டுப் புறப்பட்டு, நாவற்குழிப் பாலத்தின் வழியே தென்மராட்சி நோக்கி நடந்த கதையை யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் அறியாதார் இலர். எமது மாமியாரும் அன்று நடந்தார். புறப்படுமுன் ஒவ்வோர் அறையையும் பூட்டி, திறப்புக் கோவையை இடுப்பிற் செருகிக்கொண்டார். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின் ஊர் திரும்பியபோது திறப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன, கதவுகள்தாம் இருக்கவில்லை. நிலைகளோடு பெயர்த்துச் செல்லப்பட்டிருந்தன. யன்னல்களும் அவ்வாறே. யாரைக் கேட்பது? யாரைக் குறைகூறுவது? பலகையாலும் தகரத்தாலும் வாசல்களை அடைத்துக்கொண்டு இறுதிவரை அவ்வீட்டிலேயே வாழ்ந்தார். அவர் மறைந்த பின் அந்தத் திறப்புக் கோவை மட்டும் எம்முடன் கொழும்புக்கு வந்தது.

வீட்டைப் பாழாக விட மனம் ஒப்பவில்லை. விற்கவும் மனம் இல்லை. 1974ஆம் ஆண்டிலே வளாகமாகத் தொடங்கி, 1979ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அயலூராகிய திருநெல்வேலியில் இருக்கிறது. வெளிமாவட்டங்களிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் அறை தேடி அலைவதை நாம் அறிவோம். அவர்களுக்கு வாடகைக்கு விடுவோம் என்று தீர்மானித்தோம். அதற்கு முதலில் ஆறு கதவுகளும் பதினொரு யன்னல்களும் வேண்டும்.

புதுக்கதவின் விலையைக் கேட்டதும் எமது கணக்குப் புத்தகம் தானாகவே மூடிக்கொண்டது. அப்போது ஊர் ஆசாரியார் ஒரு வழி கூறினார்.

“மாஸ்டர், புதுக்கதவு போடலாம். ஆனால் இப்ப அவசரத்துக்கு அரிஞ்சு வாற பலகை வடிவாய்க் காயிறேல்லை. மாரிக்கு ஊதி இறுகும், கோடைக்கு வெடிக்கும். பழைய மரம் எண்டால் சுருங்கவேண்டியதெல்லாம் எப்பவோ சுருங்கி முடிஞ்சுது.”

இதில் உண்மை உண்டு. அக்காலத்தில் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு வன்னிக் காட்டிலிருந்து முதிரையும் பாலையும் வந்தன. வசதி படைத்தோர் பர்மாத் தேக்கு வருவித்தனர். வளைக்கும் சலாகைக்கும் ஊர்ப் பனையே போதியதாயிற்று. முற்றிய பனையின் கருவைரத்தில் கறையான் பல் பதிப்பது அரிது. காட்டிலே ஆண்டாண்டாக மெல்ல வளர்ந்து வைரம் ஏறிய அத்தகைய மரம் இன்று எளிதிற் கிடைப்பதில்லை. கிடைக்கும் இடம் பழைய வீடு ஒன்றேயாகும்.

மரக்காலையிலே

மறுநாள் காலை காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் சென்றோம். தாவடி, இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் வாழையும் செழித்து நின்றன. சுன்னாகத்துக்கு அப்பால் உள்ளொழுங்கை ஒன்றில், பழைய மரங்களை வாங்கி விற்கும் மரக்காலைக்கு ஆசாரியார் எம்மை அழைத்துச் சென்றார்.

தகரக் கொட்டகையின் கீழே நூலகத்துப் புத்தகங்கள் போலக் கதவுகள் நிரை நிரையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒற்றைக் கதவு, இரட்டைக் கதவு, பித்தளைக் குமிழ் பதித்த கதவு, நிறக்கண்ணாடி பொருத்திய யன்னல், மரக்கம்பி யன்னல், பிணைச்சல்கள் நிறைந்த வாளி, கொண்டிகள் நிறைந்த சாக்கு என எங்கும் வீடுகளின் உறுப்புகள். ஒரு மூலையில் ஓடுகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தோம். அடியில் மங்களூர்த் தொழிற்சாலையின் பெயர் பதிந்திருந்தது. 1865ஆம் ஆண்டிலே பாசல் மிஷன் பாதிரிமார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவிய பின்னர், மேற்குக்கரைத் துறைமுகங்களிலிருந்து இலங்கைக்கு ஓடுகள் கப்பலேறி வந்தன. கடல் கடந்து வந்து, மழையும் வெயிலும் தாங்கி, போரையும் கண்டு, இன்னும் தட்டினால் மணிபோல ஒலிக்கின்றன.

“இதெல்லாம் ஆர் வாங்குகிறார்கள்?” என்று கேட்டோம். வீடு திருத்துவோர் சிலர். தெற்கிலிருந்து வரும் ஹோட்டல்காரர் பலர் என்றார் உரிமையாளர்.

பழங்கதவுக்கும் பழந்தூணுக்கும் இந்நாட்டில் மதிப்புத் தேடிக்கொடுத்தோருள் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா முதன்மையானவர். 1958ஆம் ஆண்டிலே கொழும்பு பகதலை வீதியை அடுத்த 33ஆம் ஒழுங்கையில், ஒரு நிரையாக இருந்த நான்கு சிறு வீடுகளுள் ஒன்றை வாங்கினார். பத்தாண்டுகளில் நான்கையும் தமதாக்கி ஒரே இல்லமாக இணைத்தார். அங்கே தமிழகத்துச் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களையும் பழைய கதவுகளையும் அவர் நிறுத்தியிருப்பதை இன்றும் காணலாம். கட்டடக்கலை பயிலும் மாணவர்கள் தவறாது பார்க்கவேண்டிய இடம் அது. ஏனா டி சில்வா அம்மையாருக்காக 1960களின் தொடக்கத்தில் அவர் கொழும்பிலே கட்டிய வீட்டின் கதையோ இன்னும் வியப்பானது. அந்த நிலம் கைமாறியபோது, வீட்டையே கல்லுங் கதவுமாகக் கழற்றி, இலக்கமிட்டு, பெந்தோட்டைக்கு அருகில் உள்ள லுணுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் எழுப்பியுள்ளனர். அங்கே ஒவ்வொரு கல்லும் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஏடு உண்டு. யாழ்ப்பாணத்துக் கதவுகளுக்கு அத்தகைய ஏடு ஏது?

இக்கேள்வி எம்மை விரைவிலேயே எதிர்ப்பட்டது. கொட்டகையின் கடைசி நிரையில் முதிரை மரத்தாலான இரட்டைக் கதவு ஒன்று நிலையோடு நின்றது. நிலையின் மேல்விட்டத்தில் விரிந்த தாமரை. அதன் கீழே 1927 என்று செதுக்கப்பட்டிருந்தது. மனைவியார் அதன் முன்னே நெடுநேரம் நின்றார். தலைவாசலுக்கு இதுவே என்று அவர் முடிவு செய்துவிட்டதை நாம் உணர்ந்தோம்.

“இது எவ்விடத்துக் கதவு?” என்று அவர் கேட்டார்.

உரிமையாளர் மறைக்கவில்லை. “வலிகாமம் வடக்குப் பக்கம் எண்டுதான் கொண்டுவந்து தந்தவர் சொன்னவர். அவருக்கு ஆர் குடுத்தது, அவருக்கு முந்தி ஆர் வைச்சிருந்தது எண்டு எனக்குத் தெரியாது அக்கா. நீங்கள் எடுக்காட்டில் ஹோட்டலுக்குப் போகும். இல்லாட்டில் அரிஞ்சு பலகையாய்ப் போகும்.”

மனைவியார் மறுமொழி கூறவில்லை. நாளை வருகிறோம் என்று சொல்லித் திரும்பினோம்.

அன்று மாலை யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் நடந்தோம். போர்த்துக்கீசர் 1621ஆம் ஆண்டிலே நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர் என்பதும், அக்கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன என்பதும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றன. பின்னர் ஒல்லாந்தர் அதனை ஐங்கோணக் கோட்டையாக எழுப்பினர். 1990ஆம் ஆண்டு முற்றுகையில் அதுவும் சிதைந்தது. இந்நூற்றாண்டில் அதன் மதில்களைப் பழைய கல்லைக் கொண்டே புதுப்பித்திருக்கின்றனர். மதிலின் மேல் அமர்ந்து பரவைக் கடலை நோக்கியபோது மனைவியார் கூறினார்: “எங்கட வீட்டுக் கதவை எடுத்தவன் எங்களைக் கேட்டு எடுக்கவில்லை. நாங்கள் இந்தக் கதவை வாங்கினால் நாங்களும் அவனுக்குக் கூட்டுத்தானே?”

நாம் வாளாவிருந்தோம்.

வலிகாமம் வடக்கிலே

மறுநாள் மரக்காலைக்குப் போகாமல் தெல்லிப்பழையைக் கடந்து மேலும் வடக்கே சென்றோம். 1990ஆம் ஆண்டிலே மக்கள் வெளியேறிய பின் வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் முடிந்த பின் நிலம் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டது. 2017 ஆடியில் மயிலிட்டித் துறைமுகமும், 2018 சித்திரையில் மேலும் பல நூறு ஏக்கர் காணியும் உரியவர்களிடம் மீண்டன. நாம் சென்றபோது மக்கள் திரும்பத் தொடங்கி நான்கு மாதங்களே ஆகியிருந்தன.

அங்கு நாம் கண்ட வீடுகளுக்குக் கூரை இல்லை; கதவு இல்லை; யன்னல் இல்லை. அறைகளின் நடுவே ஆலும் வேம்பும் வளர்ந்து, முன்பு கூரை இருந்த உயரத்தையும் கடந்து நின்றன. நிலைகள் பெயர்க்கப்பட்ட வாசல்கள் பல் விழுந்த வாய்போலத் தோன்றின. எனினும் சுவர்கள் நின்றன. சில வளவுகளில் பற்றைகள் வெட்டப்பட்டிருந்தன, கிணறுகள் இறைக்கப்பட்டிருந்தன.

அத்தகைய வளவொன்றிலே, தம் வீட்டுச் சுவரோடு சாய்த்துக் கட்டிய தகரக் கொட்டிலின் முன் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். தண்ணீர் கேட்டு உள்ளே சென்றோம். அவர் எழுந்து வரவேற்று, செம்பிலே தண்ணீர் தந்தார். இருபத்தெட்டு ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கழித்துவிட்டு வந்தவர். நாம் வந்த காரணத்தைக் கேட்டார். மறைக்க மனம் வராமல் மனைவியார் கதவின் கதையைச் சொன்னார்.

முதியவரின் முகம் மாறிற்று. “என்ன ஆண்டு எண்டு போட்டிருக்கு, பிள்ளை?”

“1927, ஐயா.”

“எங்கட அப்பர் வீடு கட்டினது முப்பத்துநாலிலை. மலாயாவிலை றெயில்வே உத்தியோகம் பாத்த காசு. மேலே என்ன கொத்தியிருக்கு?”

“தாமரை.”

“எங்கடையிலை கும்பம்.” அவர் சற்று நேரம் தம் வீட்டு வாசலை நோக்கினார். “அது எங்கட கதவில்லை.”

எம்மிருவர்க்கும் பெருமூச்சு வந்தது. அஃது ஆறுதலா ஏமாற்றமா என்று எமக்கே தெரியவில்லை. பின்னர் மனைவியார் நேராகவே கேட்டார்: “ஐயா, நாங்கள் அதை வாங்கலாமோ, விடவேணுமோ?”

அவர் உடனே விடை கூறவில்லை. தகரக் கொட்டிலின் மறைவில் அடுக்கியிருந்த சில யன்னற் பலகைகளைக் காட்டினார். அவையும் விலைக்கு வாங்கியவையே; யார் வீட்டவை என்று அவரும் அறியார். அதன்பின் கூறினார்:

“வாங்குங்கோ பிள்ளை. நீங்கள் விட்டால் அது கதவாய் இராது. ஆனால் ஆரோ ஒராளின்ரை கதவுதானே. உங்கட வாசலுக்கு அளவாய் வெட்டிக் குறைச்சுப் போடாதேங்கோ. ஆண்டை மறைச்சுப் பெயின்ற் அடியாதேங்கோ. தேடிக்கொண்டு வாற ஆளுக்கு அடையாளம் தெரியவேணும்.”

கும்பம் செதுக்கிய, 1934 என்ற கதவு எங்கேனும் கண்ணிற் பட்டால் அறிவிப்பதாக நாம் அவருக்கு வாக்களித்தோம். அன்று முதல் எந்த ஊருக்குச் சென்றாலும் எமது கண் முதலில் வாசலின் மேல்விட்டத்தையே நோக்குகிறது.

சுவரை மாற்றினோம்

கதவை வாங்கினோம். பற்றுச்சீட்டின் அடியிலே, உரியவர் தக்க அடையாளத்துடன் வந்தால் கதவை ஒப்படைப்போம் என்று எழுதிக் கையொப்பமிட்டோம். கதவின் படமொன்றையும் எமது முகவரியையும் மரக்காலையில் வைத்தோம். உரிமையாளர் முதலில் நகைத்தார். பின்பு, தம்மிடம் உள்ள ஏனைய கதவுகளுக்கும் எங்கிருந்து வந்தவை என்று தெரிந்தவரை சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவைக்கிறேன் என்றார்.

கதவோ எமது வாசலிலும் ஒரு சாண் அகலம் கூடியது. மூன்று விரற்கடை உயரமும் கூடியது. ஆசாரியார் வாளை எடுத்துவிட்டு எம்மைப் பார்த்தார். மனைவியார் மேசனை அழைத்து, “சுவரைக் கொத்துங்கோ” என்றார். கற்சுவர் ஆதலின் மேல்விட்டத்துக்கு முட்டுக் கொடுத்து மெல்ல மெல்லக் கொத்தி அகலமாக்கினர். அந்த வேலைக்கு மூன்று நாள் கூலி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த ஒரு கதவிலே நாம் மிச்சம் பிடித்தது ஒன்றும் இல்லை. பழம்பொருள் எப்போதும் மலிவானது என்று நினைப்போர் இதனைக் கருத்திற் கொள்க.

மற்ற ஐந்து கதவுகளும் எட்டு யன்னல்களும் மானிப்பாயில் இடிக்கப்பட்ட வீடு ஒன்றில், உரியவர் முன்னிலையிலேயே பேசி வாங்கினோம். அவற்றிலேதான் செலவு பாதியாகக் குறைந்தது.

கொள்ளத்தக்கனவும் தள்ளத்தக்கனவும்

இத்தொழிலில் நாம் கற்றவற்றைப் பிற குடும்பங்களுக்கும் பயன்படும் என்றெண்ணிக் கூறுகிறோம்.

கதவை வாங்குவோர் நிலையோடு வாங்குதல் நன்று. பழைய நிலை கனத்த சுவருக்காகச் செய்யப்பட்டது. இக்காலத்து ஆறங்குலக் கல் சுவரில் அதனை நிறுத்துவதாயின் இருபுறமும் தூண்போலக் கட்டித் தாங்கவேண்டும். மரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்கலாகாது. கத்தி நுனியால் அடிப்பக்கத்தையும் மூலைகளையும் குத்திப் பார்க்கவேண்டும். கைம்முட்டியால் தட்டிப் பார்க்கவேண்டும். இப்பாடத்தை நாம் இலவசமாகக் கற்கவில்லை. புதிதாகப் பெயின்ற் பூசிய மூன்று யன்னல்களை வழியில் ஓரிடத்தில் மலிவாகக் கண்டு வாங்கினோம். ஒரு மாதத்துக்குள் ஒரு யன்னற் கதவு பிணைச்சலோடு கழன்று விழுந்தது. பெயின்றுக்கு உள்ளே இருந்தது மரம் அன்று, கறையான் புற்று. மூன்றும் அடுப்புக்குப் போயின. அவ்விடத்தில் புதியன செய்வித்தோம்.

பழைய பெயின்றில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அதனை உலரவைத்துச் சுரண்டினால் எழும் தூசு நஞ்சாகும். சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தாக்கும். நீர் தெளித்து ஈரமாக்கி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் இல்லாத இடத்தில் அதனைச் செய்க. சுரண்டிய கழிவைக் கிணற்றடியிலும் தோட்டத்திலும் கொட்டற்க.

பித்தளைக் கொண்டி, குமிழ், பிணைச்சல் ஆகியன புளியிட்டுத் துலக்கினால் புதியனபோல் ஆகும். பழைய பூட்டுக்கு உரிய திறப்புகள் எல்லாம் கிடைக்காவிடின், வாடகை அறைக்கு அதனை வைத்தல் கூடாது. அறியாத கை ஒன்றில் மற்றைத் திறப்பு இருக்கலாம். பித்தளைத் தண்ணீர்க்குழாய்களின் உள்ளே உள்ள வளையத்தை மட்டும் மாற்றினால் அவை இன்னும் பல்லாண்டு உழைக்கும்.

மின்சாரப் பொருள்களில் மட்டும் பழமை பாராட்டலாகாது. வீட்டில் எஞ்சியிருந்த கறுப்பு உருண்டைச் சுவிச்சுகளின் அழகில் மயங்கி, அவற்றையே மீண்டும் பொருத்தும்படி கேட்டோம். மின்னிணைப்பாளர் இளைஞர்; ஆனால் உறுதியானவர். மறுத்துவிட்டார். பழைய கம்பிகளின் மேலுறை தொட்டதும் பொடியாக உதிர்வதைக் காட்டினார். கம்பி, சுவிச்சு அனைத்தையும் புதிதாக்கி, ஒழுக்கு மின்சாரம் கண்டதும் தானே துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சும் பொருத்தினோம். கழற்றிய அஸ்பெஸ்டஸ் தகடுகளையும் மீண்டும் பாவித்தல் ஆகாது. அறுத்தலும் உடைத்தலும் கூடவே கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குப் பகை.

சுண்ணச் சாந்துச் சுவரின் வெடிப்புகளைச் சீமெந்தால் மூடுதலும் தவறு. சுண்ணச் சுவர் மூச்சுவிடும் சுவர். அதன்மேல் சீமெந்து பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரை அரித்துப் பூச்சைத் தள்ளும். சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த யாழ்ப்பாணத்திலே சுண்ணாம்புக்குப் பஞ்சமா? 1950ஆம் ஆண்டில் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கிய பின் ஊரெங்கும் சீமெந்து பெருகிற்று. 1990ஆம் ஆண்டிலே அத்தொழிற்சாலையும் நின்றுபோயிற்று. ஆனால் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கைகள் இன்னும் ஊரில் உள்ளன. தேடினால் அகப்படும்.

குடியிருப்போர்

வாடகை வீட்டுக்குப் பழம்பொருள் போதும் என்று சொல்வோர் உளர். தாம் குடியிருக்கும் வீட்டுக்குப் புதியதும், பிறர் குடியிருக்கும் வீட்டுக்குக் கழிந்ததும் என்பது அவர்தம் கணக்கு. அக்கணக்கு எமக்கு உடன்பாடன்று. பழையது என்பதற்காக ஒரு பொருளை வாடகைக்காரர் தலையிற் கட்டுதல் ஈனம். நல்லது என்பதற்காகப் பழையதைத் தேடி வைத்தல் பெருமை. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மாரி மழை வந்ததும் வாடகைக்காரர் அறிந்துவிடுவார்.

2019 தையில் ஆறு மாணவியர் குடிவந்தனர். ஒவ்வோர் அறையிலும் உள்ள கதவு, யன்னல், பூட்டு, விளக்கு ஆகியவற்றை இன்ன நிலையில் உள்ளன என்று பட்டியலாக எழுதி உடன்படிக்கையோடு இணைத்தோம். இது வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு, குடியிருப்போருக்கும் பாதுகாப்பு. தலைவாசற் கதவுக்கு எதிரே மனைவியார் தம் கையால் ஒரு குறிப்பு எழுதினார்: “இது நமக்குச் சொந்தமானதன்று, நம்மிடம் இருப்பது. ஆணி அடிக்க வேண்டாம்.”

அதன் பொருளை மாணவியர் கேட்டனர். மட்டக்களப்பிலிருந்து வந்த பிள்ளையும், முல்லைத்தீவிலிருந்து வந்த பிள்ளையும் அக்கதையை விளக்கமின்றியே விளங்கிக்கொண்டனர். தத்தம் ஊரிலும் கதவில்லாத வாசல்களைக் கண்டவர்கள் அவர்கள்.

கதவைத் தேடி இன்றுவரை எவரும் வரவில்லை. ஆயினும் தெருவாற் செல்லும் முதியோர் சிலர் படலையடியில் நின்று, அந்த ஆண்டை வாசித்துவிட்டுப் போவதாகப் பிள்ளைகள் எமக்குச் சொல்வதுண்டு. சிலர் உள்ளே வந்து தாமரையைத் தடவிப் பார்த்து, இல்லை என்று தலையசைத்துத் திரும்புவார்களாம். வருவோருக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்பது அவ்வீட்டின் வழக்கமாகிவிட்டது.

மாமியாரின் திறப்புக் கோவை இப்போது மீண்டும் கொக்குவிலில் இருக்கிறது. தலைவாசலின் உட்புறச் சுவரில் தொங்குகிறது. அதில் உள்ள ஏழு திறப்புகளுள் ஒன்றேனும் இன்று அவ்வீட்டில் உள்ள எந்தக் கதவையும் திறக்காது. அவை திறக்கும் கதவுகள் எங்கோ ஒரு குடும்பத்தை மழைக்கும் காற்றுக்கும் காத்து நிற்கின்றன என்றே நாம் நம்புகிறோம். அக்குடும்பத்தார் அவற்றை வெட்டிக் குறைக்காமல் வைத்திருப்பார்களாக.